அடுப்படிக் கரியும் ஏழாவது மைக்ரானும்

உப்பைத் தேய்க்கத்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று எங்கள் வீட்டில் சொல்லிச் சிரிப்பார்கள். பாதி உண்மைதான். எழுபதுகளின் நடுவில் மணலிப் பக்கம் ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். நிலக்கரித் தாரைக் காய்ச்சி, எண்ணெய் எண்ணெயாகப் பிரிக்கிற இடம். நான் ராயபுரத்துக்காரி, பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி, துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவரின் மகள். அங்கே இருந்த அகச்சிவப்பு மெஷினைத் தொட அனுமதி வாங்கிய பெண் நான் ஒருத்திதான். அந்த அனுமதி சும்மா வரவில்லை. மூன்று வருஷம் அமிலத்தையும் காரத்தையும் சொட்டுச் சொட்டாக அளந்துவிட்டுத்தான் அந்த மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

மெஷின் செய்கிற காரியம் எளிமையானது. கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிரை எண்ணெய்க்குள் அனுப்பும். எண்ணெயில் இருக்கிற மூலக்கூறுகள் ஆடிக்கொண்டே இருப்பவை. தன் ஆட்டத்துக்கு ஒத்துவரும் அலையை மட்டும் ஒவ்வொன்றும் விழுங்கிக்கொள்ளும். எந்த அலை விழுங்கப்பட்டதோ அந்த இடத்தில் பேனா ஒரு பள்ளம் வரையும். பள்ளம் எத்தனையாவது மைக்ரானில், அதாவது எந்த அலைநீளத்தில், விழுகிறது என்று பார்த்தால் உள்ளே இருப்பது யாரென்று சொல்லிவிடலாம். கண்ணாடி அந்தக் கதிரை மறித்துவிடும். அதனால் எண்ணெயை இரண்டு உப்பு வில்லைகளுக்கு நடுவே வைப்போம். சாப்பாட்டு உப்பேதான், பாறையாக வெட்டி எடுத்தது. அந்த உப்புக்கும் எங்கள் ஊர்க் காற்றுக்கும் ஆகாது. ஐப்பசி, கார்த்திகையில் சடையங்குப்பத்தில் தண்ணீர் ஏறி பஸ் நின்றுவிடும். அந்த நாட்களில் வில்லையை வெளியே எடுத்த அரை மணியில் அது பூத்துப்போகும். ஆல்கஹால் நனைத்த துணியில் வட்ட வட்டமாகத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டும். விரலில் ஈரம் பட்டால் வில்லையில் ரேகை பதிந்துவிடும்.

தினமும் தார் எண்ணெயைப் பார்த்துப் பார்த்து எனக்கு இரண்டு பள்ளங்கள் மனப்பாடம். ஒன்று மூன்று புள்ளி மூன்று மைக்ரானில். பென்சீன் மாதிரி வளையமாகக் கைகோத்து நிற்கிற கார்பனில் ஒட்டிய ஹைட்ரஜன் இழுபடும்போது அங்கே விழும். இன்னொன்று பதினொன்றரைக்குச் சற்று முன்னால். கடைசியாக வடிகிற கனமான எண்ணெயில் அது நன்றாகத் தெரியும். அதே ஹைட்ரஜன் மேலும் கீழுமாக ஆடுகிற இடம் அது. மளிகைக் கடைக்காரருக்கு வாடிக்கையாளர் முகம் போல எனக்கு அவை பழகியிருந்தன.

அந்த வருஷம் நவம்பரில், நகரத்துக்குள் ஒரு கல்லூரி மண்டபத்தில் மாதாமாதம் நடக்கும் விஞ்ஞானக் கூட்டத்துக்குப் போனேன். சனிக்கிழமை மாலை, அனுமதி இலவசம், காபியும் உண்டு. பேசியவர் ஒரு பௌதிகப் பேராசிரியர். சாகப்போகிற நட்சத்திரம் தன் மேல்தோலை ஊதித் தள்ளிவிடும், அது சுற்றிலும் ஒளிரும் புகையாக நிற்கும், அதைக் கோள் நெபுலா என்பார்கள் என்றார். பெயரில்தான் கோள், கோளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றும் சொன்னார். பிறகு அப்படி ஒரு நெபுலாவின் அகச்சிவப்பு வரைபடத்தைத் திரையில் போட்டார். நான் தினமும் பார்க்கிற அதே மாதிரிக் கோடு. என்னுடைய தாளில் பள்ளம் விழுகிற இடத்தில் அதில் மேடு எழுந்திருந்தது, அங்கே பொருள் கதிரை விழுங்காமல் உமிழ்வதால்.

மூன்று புள்ளி மூன்றில் ஒரு மேடு. பதினொன்று புள்ளி மூன்றில் ஒரு மேடு. இவை என்னவென்று யாருக்கும் நிச்சயமில்லை, சுண்ணாம்பு வகைத் தாதுவாக இருக்கலாம் என்று சிலர் கருதுகிறார்கள், எனக்கும் அதுதான் படுகிறது என்றார் பேராசிரியர்.

கேள்வி நேரத்தில் எழுந்து நின்றேன். "சார், மூணு புள்ளி மூணு நான் தெனம் பாக்குறது. தார்ல வருது. வளையத்துல கீற ஹைட்ரஜன்" என்றேன்.

'கீற' என்றதும் பின் வரிசையில் ஒருவர் சிரித்தார். அதைத் தொற்றிக்கொண்டு இன்னும் நாலு பேர். நட்சத்திரத்தைச் சுற்றித் தார் டிரம் மிதக்கிறதா என்று ஒருவர் கேட்டார். பேராசிரியர் சிரிக்கவில்லை. அந்த நட்சத்திரத்தில் கார்பன் அதிகம், கரி கக்குகிற நட்சத்திரம்தான், ஆனாலும் சும்மா சொன்னால் ஆகாது, வரைபடம் வேண்டும் என்றார். கூட்டத் தலைவர் வேண்டாவெறுப்பாக ஒரு சலுகை கொடுத்தார். ஜனவரிக் கூட்டத்தில் பத்து நிமிடம். கொண்டுவந்து காட்டுங்கள், பார்க்கலாம் என்றார். கொண்டுவர மாட்டேன் என்று அவர் நினைத்தது அவர் குரலிலேயே இருந்தது.

திங்கட்கிழமை ஆய்வக அதிகாரியிடம் போய்க் கேட்டேன். நல்ல மனிதர்தான், ஆனால் மேலிடம் என்றால் நடுங்குவார்.

"கம்பெனி சாம்பிள் ஒண்ணுகூட வெளியே போகக்கூடாதும்மா. தார், எண்ணெய், எதுவும். அதோட சார்ட்டும் போகக்கூடாது."

"வெளியிலேருந்து நானே கரி கொண்டாந்தா?"

அவர் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "லஞ்ச் டைம்ல பண்ணிக்கோ. ஆனா ஒண்ணு. அங்கே போய் நம்ம லேபுக்குக் கெட்ட பேர் வாங்கிட்டு வந்தே, அப்புறம் மெஷின் பக்கம் வரக்கூடாது. பழைய பெஞ்சுக்கே போயிடணும்."

சரி என்றேன். பழைய பெஞ்ச் என்றால் அமில-கார அளவை. காலையிலிருந்து மாலை வரை நிறம் மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அதற்குத் திரும்புவதை நினைத்தாலே எனக்கு எரிச்சலாக வரும்.

கரிக்கு எங்கும் அலைய வேண்டியிருக்கவில்லை. எங்கள் வீட்டில் எரிந்த விறகு கடையில் வாங்கியதில்லை. காசிமேட்டுக் கரையில் உடைந்த படகின் பலகைகளை மலிவாகப் போடுவார்கள். வருஷக் கணக்காகத் தார் பூசி ஊறிய பலகை. சட்டென்று பற்றிக்கொள்ளும், புகையோ எண்ணெய்ப் பசையாக வரும். அடுப்புக்கு மேலே சுவரில் அந்தப் புகை வெல்வெட்டு மாதிரி படிந்திருக்கும். வெப்பத்தில் வெந்து எழும்பி, குளிர்ந்த இடத்தில் போய் ஒட்டிய கார்பன். நட்சத்திரம் செய்கிற வேலையும் ஏறத்தாழ இதுதானே என்று தோன்றியது. ஜனவரி முதல் வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும், சவர பிளேடை எடுத்துக்கொண்டு ஸ்டூல் மேல் ஏறினேன்.

அண்ணி மீன் கழுவிக்கொண்டிருந்தார். சுரண்டுகிற சத்தம் கேட்டு நிமிர்ந்தார்.

"இன்னாம்மே பண்ணிகினு கீறே? கிறிஸ்மஸுக்குத்தான் வெள்ளையடிச்சோம், அதுக்குள்ளாற செவுத்தச் சொரண்டுறே?"

"கரி வேணும் அண்ணி."

"கரிதானே? அடுப்பாண்ட எவ்ளோ வேணா கீது. அள்ளிக்கினு போ."

"அது கட்டக்கரி, சாம்பல். எனக்குப் பொகக்கரி வேணும்."

"நாளைக்கி மாமியார் வூட்ல போயி பொகக்கரி சொரண்டுவேன்னு சொல்லு. நல்லா மெச்சிக்குவாங்க." அண்ணி மறுபடியும் மீனுக்குத் திரும்பினார். "கீழ விளுந்துறாதே. வெள்ள அடிச்சது நானு, அத்த நெனப்புல வெச்சிக்கோ."

வெள்ளையடித்ததைப் பற்றி அண்ணி இரண்டு தடவை சொன்னார். என் காதில் ஏறவே இல்லை. இதை எத்தனை வருஷம் நினைத்து நினைத்து என்னையே திட்டிக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள் மதியம் கரியில் துளியூண்டு எடுத்து, கதிரை மறிக்காத இன்னொரு உப்பான பொட்டாசியம் புரோமைடு தூளோடு சேர்த்து அரைத்து, அழுத்தி வில்லையாக்கி மெஷினில் வைத்தேன். எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். பேனா ஊர்ந்தது. மூன்று புள்ளி மூன்றில் சின்னப் பள்ளம், சந்தேகத்துக்கு இடமில்லாமல். பதினொன்றரைக்கு முன்னால் பேனா கத்தி இறங்குகிற மாதிரி சரக்கென்று இறங்கியது. டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை.

ஏழு மைக்ரானிலும் ஒரு பெரிய, அகலமான பள்ளம் இருந்தது. பார்த்தேன். அந்தப் பக்கம் சாதாரண எண்ணெய்ப் பசைக்கும் ஒரு பள்ளம் விழும், சமையல் புகைதானே, எண்ணெய் இருக்கத்தான் செய்யும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எண்ணெய்ப் பசைக்கு அவ்வளவு ஆழம் வராது என்பது தெரிந்தும் சொல்லிக்கொண்டேன். வேண்டியது கிடைத்துவிட்டது, வேண்டாததைப் பார்க்க மனசில்லை. இதை மறைத்து எழுத நான் தயாராக இல்லை.

கூட்டத்தன்று நல்ல புடவை கட்டிக்கொண்டு ரயிலேறினேன். பேச வேண்டியதைச் சுத்தமான தமிழிலும் ஆங்கிலத்திலுமாக எழுதி உருப்போட்டிருந்தேன். மேடையில் சார்ட்டை விரித்து ஆணியில் மாட்டி, எழுதியபடியே பேசினேன். ஆறு நிமிடம்கூட ஆகியிருக்காது. முன் வரிசையில் இருந்த அந்தப் பேராசிரியர் எழுந்து கிட்டே வந்தார். ஏழாவது மைக்ரானில் விரலை வைத்தார்.

"இது கார்பனேட். அதாவது சுண்ணாம்பு. பதினொன்றரை பக்கத்திலே நீங்க காட்டுற பள்ளமும் பெரும்பாலும் அதோடதுதான். இந்தக் கரியை எங்கேயிருந்து எடுத்தீங்கம்மா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அண்ணி அடித்த கிளிஞ்சல் சுண்ணாம்பு. பிளேடு கரியோடு நிற்காமல் சுவரையும் சேர்த்து வழித்திருக்கிறது. "வீட்டுச் சுவரிலேருந்து" என்றேன்.

மண்டபம் சிரித்தது. கோள் நெபுலாவைக் காட்டுகிறேன் என்று வந்தவள் வீட்டுச் சுவரைக் கொண்டுவந்து மாட்டியிருக்கிறாள் என்றால் யார்தான் சிரிக்க மாட்டார்கள். தலைவர் கையால் உட்காரும்படி சைகை செய்துகொண்டே, "நல்ல முயற்சி, நன்றி, அடுத்து..." என்று ஆரம்பித்தார். அந்த 'நல்ல முயற்சி'தான் என்னைக் கிளப்பிவிட்டது. சிரித்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன்.

"தலைவரே, பத்து நிமிஷம் குடுத்தீங்க. ஆறுதான் ஆயிருக்கு" என்றேன்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார், பேராசிரியரைப் பார்த்தார். பேராசிரியர், பேசட்டும் என்றார். உருப்போட்டதெல்லாம் அதற்குள் மறந்துபோயிருந்தது. எனக்குக் கோபம் வந்தால் வருகிற பாஷை ஒன்றுதான்.

"ஆமா சார், சுண்ணாம்புதான். எங்க வூட்டு அடுப்பாங்கர செவுத்துச் சுண்ணாம்பு. கரியச் சொரண்டச் சொல்ல அதுவும் கூட வந்துகிச்சு. தப்பு என்னுதுதான், ஒத்துக்கிறேன். ஆனா மூணு புள்ளி மூணுல இன்னா கீது பாருங்க. சுண்ணாம்புக்கு அங்க இன்னா வேல? அங்க அது ஒண்ணும் காட்டாது. அது கரிலேருந்து வந்தது. உங்க நெபுலாவுலயும் மூணு புள்ளி மூணு கீதே, அத்த எந்தச் சுண்ணாம்பு குடுத்துச்சு?"

இப்போது யாரும் சிரிக்கவில்லை. நான் நிறுத்தவும் இல்லை.

"இன்னொண்ணு. சுண்ணாம்பு இருந்தா ஏழுல எம்மாம் பெருசா வரும்னு இப்பத்தான் நீங்களே வெரல வெச்சிக் காட்டினீங்க. அப்ப உங்க நெபுலாவுல ஏழுல பெரிய மேடு நிக்கணும். நிக்குதா?"

பேராசிரியர் பதில் சொன்னார். "அதைத் தரையிலிருந்து பார்க்க முடியாது. அந்த இடத்தை நம்ம காத்துல இருக்கிற நீராவி மறைச்சுடுது."

"அந்தத் தண்ணிய எனக்குத் தெரியும் சார். தெனம் என் உப்புல ஏறுது, தெனம் தொடைச்சிகினு கீறேன். நான் கேக்கறது, பாக்காத எடத்த வெச்சிகினு சுண்ணாம்புன்னு எப்டி சொல்றீங்க? மேல போயிப் பாருங்க. ஏழுல மேடு இருந்துச்சுன்னா இதே எடத்துல வந்து நின்னு மன்னிப்பு கேக்கறேன். அதுவரிக்கும் நான் சொன்னது சொன்னதுதான்."

சார்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினேன். கைதட்டல் எதுவும் இல்லை. பேராசிரியர் ஒரு துண்டுத் தாளில் ஏதோ குறித்துக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு நிமிடம் பாக்கி இருந்திருக்கும், அதை அவர்களே வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

இதைப் படிக்கிறவர்களுக்குப் பிற்காலத்தில் நடந்தது தெரிந்திருக்கலாம். விமானத்தில் தொலைநோக்கியை ஏற்றி நீராவிக்கு மேலே பறந்து பார்த்தார்கள். சுண்ணாம்புக்கு வேண்டிய மேடு அங்கே கிடைக்கவில்லை. வேறு இடங்களில், வளைய வளையமான கார்பனுக்குப் பொருந்துகிற மேடுகள் இருந்தன. பல வருஷம் வாதாடி, இன்று பெரும்பாலோர் வளையத்தைத்தான் சொல்கிறார்கள். எந்த வளையம் என்று இன்னும் சண்டை போடுகிறார்கள், போடட்டும். கண்டுபிடித்தவர்கள் அவர்கள் உழைப்பில் கண்டுபிடித்தார்கள், அதில் எனக்குப் பங்கு கேட்க எதுவும் இல்லை. நான் எழுத நினைத்தது கூட்டத்துக்கு அடுத்த திங்கட்கிழமைக் காலையைப் பற்றி. அன்று இதெல்லாம் யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. என் கையில் இருந்தது சுண்ணாம்பு கலந்த ஒரு சார்ட் மட்டும்தான்.

கூட்டத்திலிருந்து யாரோ தொழிற்சாலைக்கு டெலிபோன் போட்டிருந்தார்கள். அதிகாரி என்னைக் கூப்பிட்டு, கதவைச் சாத்தச் சொன்னார்.

"பெரிய மனுஷங்களை மேடையிலேயே எதிர்த்துப் பேசினியாமே. செவுத்துக் கரியை வெச்சிக்கிட்டு."

"ஆமா சார்."

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். "நான் உன்னைப் பழைய பெஞ்சுக்கு அனுப்ப விரும்பலைம்மா. உன்னை மாதிரி உப்பு தேய்க்க இங்கே ஆள் இல்லை. கூட்டத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடு. சாம்பிள் தவறு, நான் சொன்ன கருத்தும் தவறு, வாபஸ் வாங்கிக்கறேன். அவ்வளவுதான். மெஷின் உன்கிட்டேயே இருக்கும். வேணும்னா அப்புறம் லஞ்ச் டைம்ல சுத்தமான கரியைப் போட்டு நிரூபிச்சுக்கோ, நான் தடுக்கலை."

இப்படி வரும் என்று நான் நினைக்கவே இல்லை. மிரட்டியிருந்தால் ஒரே நிமிடத்தில் முடிந்திருக்கும். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. மூன்று வார்த்தை பொய் எழுதினால் மெஷின் கிடைக்கும், மெஷின் கிடைத்தால் அந்த மூன்று வார்த்தையைப் பொய்யென்று காட்டிவிடலாம். கரியை எப்படிச் சுத்தமாக எடுப்பது என்றுகூட ரயிலிலேயே யோசித்து வைத்திருந்தேன். கண்ணாடித் துண்டைப் புகையில் பிடித்தால் போதும், சுவரே வேண்டாம். அரை மணி நேர வேலை.

பேனாவை எடுத்தேன். சாம்பிள் தவறு என்று எழுதினேன். அதை எழுதக் கை தயங்கவில்லை. அடுத்த வரியில்தான் நின்றது. மூன்று புள்ளி மூன்றை நான் கேள்விப்பட்டுச் சொல்லவில்லை. வருஷக் கணக்காக, எத்தனையோ தாளில், இந்தக் கண்ணால் பார்த்துச் சொன்னேன். அதைப் பார்க்கவில்லை என்று எழுதினால், நாளைக்கு நான் எந்தச் சார்ட்டைக் கொண்டுவந்து காட்டினாலும் அதற்கு என்ன மதிப்பு? அதட்டினால் கண்ணை மூடிக்கொள்கிறவள் வரைந்த கோடு அது. அவர்கள் நம்பினாலும் நான் நம்ப மாட்டேன்.

ஆங்கிலத்தில்தான் எழுதினேன். தமிழில் இப்படி வரும்: 'நான் கொண்டுவந்த கரியில் சுண்ணாம்பு கலந்திருந்தது. அது என் தவறு. மூன்று புள்ளி மூன்று மைக்ரானைப் பற்றி நான் சொன்னதில் தவறு இல்லை. அதை வாபஸ் வாங்கவில்லை.' கையெழுத்துப் போட்டு, தாளைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினேன்.

அவர் இரண்டு தடவை படித்தார். "இதுக்கு அர்த்தம் என்னன்னு தெரியுமா?"

"தெரியும் சார்."

"இனிமே அந்த மெஷினை நீ தொட முடியாது. நான் இங்கே இருக்கிற வரைக்கும்."

"தெரிஞ்சுதான் எழுதினேன்."

அவர் பதினான்கு வருஷம் அங்கே இருந்தார். நான் எழுந்து, மெஷின் அறையைத் தாண்டி, ஜன்னலோரத்துப் பழைய பெஞ்சுக்குப் போனேன். அங்கே அமிலக் குப்பிகள் வரிசையாகக் காத்திருந்தன. முதல் சாம்பிளை எடுத்துச் சொட்டுச் சொட்டாக விட்டேன். ஒரு சொட்டு அதிகமாக விழுந்துவிட்டது. கொட்டிவிட்டு மறுபடியும் ஆரம்பித்தேன்.